வைகாசிக்குத் தள்ளிவைத்த கல்யாணம்

“தை 13, ஞாயிறு. அண்ணன் வீடு. மாலை நான்கு முதல் ஆறு வரை பேச்சு. கல்யாணம் வைகாசி 9, வெள்ளி, தேய்பிறை முகூர்த்தம். கடன் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. அண்ணன் ஒத்துக்கொண்டார்.”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இவ்வளவுதான். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து விடாமல் எழுதிவருகிறேன். எழுதியதைத் திருத்துவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி. அதனால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் கடைசி வாக்கியம் முழுக்கச் சரி இல்லை. அன்றைக்கு நடந்ததையும் பிறகு நடந்ததையும் சேர்த்துத் தனியாக எழுதிவைக்கிறேன்.

அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் எடை போடும் வேலை. மண்டியிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிஷ தூரத்தில் வீடு. சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திங்களும் வியாழனும் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் மண்டிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பில் எழுதுவார். பெட்டி தூக்கி எடையில் வைக்கிற வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டார். “வாரத்துக்கு ரெண்டு தடவ மெஷின்ல போட்டுத் தொவைச்சு அனுப்பறாங்கடா. மூணாம் நாளே அழுக்காயிடறேன்” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு ஒரே மகள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருஷமாக வேலை. அங்கேயே வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருப்பதாக அவளே வந்து சொன்னாள். பையனின் அப்பாவுக்கு அதியமான்கோட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. நாங்கள் போய்ப் பார்த்தோம். அவர்கள் வந்து பார்த்தார்கள். நகை இவ்வளவு, வண்டி இன்னது என்ற பேச்சே அவர்கள் எடுக்கவில்லை. “புள்ளைய அனுப்புங்க, அது போதும்” என்றார் பையனின் அப்பா. இந்தக் காலத்தில் இப்படி ஒரு இடமா என்று அண்ணி இரண்டு நாள் சந்தேகப்பட்டார்.

கடன் வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் புதிதாக வந்த பேச்சு இல்லை. எங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய வட்டிக் கடனில் ஒன்றரை ஏக்கர் நிலம் போனது. அதற்குப் பிறகும் கடன் தீரவில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை நிறுத்தி, பெங்களூருக்குப் போய்க் கட்டட வேலை செய்து மிச்சக் கடனை அடைத்தார். ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் நான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், புத்தகம் வாங்கிப் படித்தேன். நாங்கள் மூன்று பேர் பிறந்தோம். விலை கொடுத்தவர் ஒருவர்தான். கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறவனைக் கண்டாலே அண்ணனுக்கு ஆகாது. மண்டியில் யாராவது பத்திரிகை நீட்டினால், “எவ்வளவு வட்டிக்கு?” என்று முதலில் கேட்பார்.

அதனால் தை 13 அன்று நான் போகும்போது பேச்சு கால் மணி நேரத்தில் முடியும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி உள்ளூரில் ஒரு அம்மாவிடம் ஏலச்சீட்டு கட்டிவந்தார். இருபது பேர், இருபது மாதம், இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரம் என்று முன்னால் எடுக்கிறவர்கள் கழிவு விட்டு எடுக்க வேண்டும். கடைசி மாதம் வரை பொறுத்திருப்பவருக்கு முழுத் தொகையும் வரும். அண்ணி பொறுத்திருந்தார். அது சித்திரைக் கடைசியில் வரும். மகளும் தன் சம்பளத்தில் ஐந்து பவுன் சேர்த்திருந்தாள். கோயிலில் தாலி கட்டி, பக்கத்துச் சின்ன மண்டபத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, இருநூற்றைம்பது பேர். வைகாசி என்றால் கையில் இருப்பதற்குள் எல்லாம் அடங்கும். நான் ஒரு தாளில் எழுதியே கொண்டுபோயிருந்தேன்.

அண்ணன் அந்தத் தாளை வாங்கி முழுதும் படித்தார். மடித்தார். “மாசி 18 ஞாயித்துக்கிழம. வளர்பிறை. அது ஆகாதாடா?” என்றார்.

“ஞாயித்துக்கிழம வளர்பிறைன்னா மண்டபம் ரெண்டு மடங்குண்ணா. சீட்ட இப்ப எடுத்தா கழிவு போவும். எல்லாஞ் சேத்து அறுபதாயிரம் துண்டு விழும்.”

“அறுபதுதானே.”

“அத எங்க வாங்கறது?”

அண்ணன் மடித்த தாளை மறுபடி பிரித்தார். அண்ணி என்னைப் பார்த்தார். மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ, கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணாதீங்கன்னு” என்றேன். அவரை மடக்கிவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. ஆடம்பரக் கல்யாணங்களால் குடும்பங்கள் எப்படி அழிகின்றன என்று நான் படித்ததை எல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டார். கால் வீங்கியிருந்ததால் முக்காலியில் தூக்கி வைத்திருந்தார்.

“மூணு மாசம்தாண்ணா. மூணு மாசத்துல என்ன ஆயிடப் போவுது?”

இதுவும் நான் சொன்னதுதான். நாட்குறிப்பில் இல்லை.

அண்ணன் முக்காலியிலிருந்து காலை இறக்கிவைத்து, “சரி. நோட்டுல எழுதிக்க” என்றார். நான் எழுதிக்கொண்டேன். ஒத்துக்கொண்டார் என்று எழுதினேன்.

மாசியிலும் பங்குனியிலும் எனக்கு அந்தக் கல்யாணம்தான் வேலை. வெள்ளிக்கிழமை, வேலை நாள், தேய்பிறை என்பதால் மண்டபத்துக்காரர் வாடகையைப் பாதியாகக் குறைத்தார். சமையல்காரரிடம் ஒரு இனிப்பு, ஒரு பொரியல் குறைத்துப் பேசினேன். “ஏனுங்க, கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குச் சோறா, விரதமா?” என்று கேட்டுவிட்டு அவரும் ஒத்துக்கொண்டார். பத்திரிகை நூறுதான் அடிப்பது, மற்றவர்களுக்குப் போனில் படமாக அனுப்புவது என்று முடிவு. பாத்திரம் வாடகைக்கு வேண்டாம். ஊர்க் கோயிலில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். தாலி செய்ய ஆசாரியிடம் பொன் கொடுப்பது சித்திரையில் ஒரு நல்ல நாளில். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்து சொல்வேன். அவர் மெச்சிக்கொள்வார். ஒவ்வொரு போனின் கடைசியிலும், “இன்னிக்குத் தேதி என்ன?” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். தமிழ்த் தேதிதான் கேட்பார். டயாலிசிஸுக்குப் போகிறவர் நாள் மறக்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

மாசி 18 வந்துபோனது. அன்றைக்கு அண்ணன் வீட்டில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். தெருவில் இரண்டு கல்யாண வேன்கள் போயின. அண்ணன் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “கூட்டம் ஒண்ணும் அவ்ளோ இல்லடா” என்றார்.

பங்குனி முதல் வாரத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினார். டாக்டர் இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார். அண்ணி எனக்குப் போன் செய்து, “பங்குனியில ஏதாச்சும் நாள் இருக்குதாங்க?” என்று கேட்டார். நாள் இருந்தது. பங்குனி 24. நான் காலண்டரைப் பார்த்தே சொன்னேன். “ஆனா மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சுங்களே அண்ணி. சீட்டுக்கும் இன்னும் ஒண்ணர மாசம்தான்” என்றும் சொன்னேன். அண்ணி, “சரிங்க” என்று வைத்துவிட்டார். மறுபடி கேட்கவில்லை.

பங்குனி 22, சனிக்கிழமை. காலை ஆறு ஐம்பதுக்கு அண்ணன் இறந்தார். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து நன்றாகத்தான் வந்தார். காலையில் காபி கேட்டிருக்கிறார். அண்ணி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மகள் வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட்டில் இருந்தாள். அவளுக்கு அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும் சொல்லி வரவழைத்தோம். தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்து இறங்கினாள்.

பத்தரை மணிக்குப் பையன் வீட்டார் மாலையோடு வந்தார்கள். பையனின் அப்பா மாலையைப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. இப்ப இத விட்டா ஒரு வருசம் தள்ளணும். எங்க பக்கம் அப்படித்தான், உங்க பக்கமும் அப்படித்தான். ஒரு வருசத்துல யார் வாய மூட முடியும்? பொண்ணோட ராசி, அப்பனையே முழுங்கிடுச்சின்னு இப்பவே எங்க வண்டியில ஒரு பொம்பள சொல்லிட்டா. நான் அதட்டிட்டேன். எத்தன பேர அதட்டுவேன்?”

“என்ன செய்யலாமுங்க?”

“அவர எடுக்கறதுக்கு முன்னால அவர் எதுக்கவே தாலிய கட்டிரலாம். அவரும் பாத்த மாதிரி ஆவும்.”

எங்கள் பக்கம் இது நடப்பது உண்டு. பிணத்தின் முன் தாலி கட்டி, அதற்குப் பிறகு எடுப்பது. நான் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. படித்தவன் என்று பெயர் வாங்கியவன் என்பதால் இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்வேன் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. ஏதாவது ஒரு வகையில் அண்ணன் அந்தக் கல்யாணத்தில் இருந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய் அண்ணியிடம் சொன்னேன். அவர், “அவளக் கேளுங்க” என்றார்.

மகள் ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை என்னைப் பார்க்கவில்லை.

“இப்ப நல்ல நாளா சித்தப்பா?” என்றாள்.

“நாள் பாக்கறதில்ல இதுக்கு.”

“அப்ப நாள் பாக்காமயும் பண்ணலாம்.”

அவள் ஐஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“மண்டப வாடக இல்ல. சமையல் இல்ல. பத்திரிக இல்ல. நீங்க கேட்ட மாதிரியே ஆயிடுச்சு” என்றாள். அழாமல் சொன்னாள். பிறகு எழுந்து, புடவை எங்கே என்று அவள் அம்மாவைக் கேட்டாள்.

கல்யாணப் புடவை இன்னும் எடுக்கவில்லை. சித்திரையில் எடுப்பதாக இருந்தது. அண்ணியின் பெட்டியிலிருந்து ஒரு அரக்குப் புடவையைக் கட்டினாள். தாலி இல்லை, பொன் கொடுக்கவே இல்லையே. பாலக்கோட்டில் போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்தார்கள். பையனுக்குப் புது வேட்டி ஒன்று. பூமாலைக்குக் கடைக்காரரிடம் போனபோது, “சாவுக்குங்களா?” என்று கேட்டாராம். போனவர் கல்யாணத்துக்கு என்று சொன்னதும், சற்று நேரம் பார்த்துவிட்டு வேறு பூ எடுத்துக் கட்டிக் கொடுத்தாராம்.

ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்தார்கள். அண்ணனை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, இடுப்பிலும் நெற்றியிலும் துணி கட்டினார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். மேளக்காரர்கள் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வந்து, “தாலி கட்டறப்ப அடிக்கலாமுங்களா?” என்று தயங்கிக் கேட்டார். பையனின் அப்பா, “வேண்டாங்க, சும்மா நில்லுங்க. அதுவே மரியாத” என்றார். அவர்கள் குச்சிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மஞ்சள் கயிற்றை அண்ணனின் வலது கையில் தொட வைத்து எடுத்தார்கள். விரல்கள் விறைத்திருந்ததால் கயிறு நிற்கவில்லை, கீழே விழுந்தது. அக்கா குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். பையன் கட்டினான். முடிச்சு விழ நேரமானது. மதியம் ஒன்று நாற்பது. யாரும் அட்சதை போடவில்லை. அரிசி தட்டில் இருந்தது. வாய்க்கரிசிக்கு வைத்திருந்த தட்டும் பக்கத்திலேயே இருந்ததால் எதை எடுப்பது என்று எல்லோரும் தயங்கி நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. பையனின் பெரியம்மா முன்னால் வந்து, புதுத் தாலி ஏறியவள் பிணம் எடுக்கும்போது அந்த வாசலில் நிற்கக் கூடாது என்றார். தீட்டு அவர்கள் வீட்டுக்கும் வரும் என்றார். பையன், “பெரிம்மா, அவ அப்பா” என்றான். அவர், “அதுக்குத்தான் சாமி சொல்றேன். உன் ஆயுசு முக்கியம்” என்றார். பையனின் அப்பா தரையைப் பார்த்தார். மகள் வாதாடவில்லை. அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு நடந்தாள். நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டில் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வாய்க்கரிசி போட மகள் இல்லை. மாலை நான்கு மணிக்கு அண்ணனை எடுத்தோம். கொள்ளி நான் வைத்தேன்.

அவள் பிறகு அண்ணியிடம் சொன்னாளாம்: மேளம் முதலில் பக்கத்தில் கேட்டது, அப்புறம் திரும்பி, சுடுகாடு இருக்கும் ஏரிப் பக்கம் போனது, அப்புறம் கேட்கவில்லை. எது வரைக்கும் கேட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

மண்டபத்துக்காரர் முன்பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தார். சமையல்காரரும் கொடுத்தார். சித்திரைக் கடைசியில் சீட்டுப் பணம் முழுதாக வந்தது. சீட்டு அம்மா தானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி அதை வங்கியில் போட்டுவிட்டார்; அதிலிருந்து எடுக்கவில்லை. கருமாதிச் செலவை அக்காவும் நானும் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் கடன் இல்லாமல் நடந்த முதல் கல்யாணம் அதுதான். வைகாசி 9 அன்று நான் விடுப்பு எடுத்து வைத்திருந்தேன். ரத்து செய்ய மறந்துவிட்டேன். அன்று முழுதும் வீட்டில் இருந்தேன்.

அண்ணன் மகள் என்னிடம் பேசுகிறாள். போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். அவள் புருஷன் நல்லவன். அவர்கள் ஓசூரில் ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள். கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான். பொன் தாலி செய்து போடலாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். “இருக்கட்டும் சித்தப்பா, அப்பா தொட்டது” என்றாள்.

ஆடி 5 அன்று அண்ணனின் சம்பளப் பாக்கி வாங்க மண்டிக்குப் போயிருந்தேன். அவருக்குப் பதிலாக எடை போடுகிறவர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரம் விலை நிலவரம் பேசினார். பிறகு, “உங்கண்ணன் மாசியில மொதலாளிகிட்டக் கடன் கேட்டாருங்க, தெரியுமா?” என்றார்.

தெரியாது என்றேன்.

“பொண்ணு கல்யாணத்துக்குன்னு கேட்டாரு. மொதலாளி தரேன்னுட்டாரு. மறுநா வாங்கிக்கறேன்னு சொன்னவரு வரல. கேட்டதுக்கு, வேண்டாம், எந்தம்பி கோச்சிக்குவான்னாரு.”

என்ன தேதி என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. மாசி நடுவில் என்றார். பிறகு மாசிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. எவ்வளவு கேட்டார் என்பதும் தெரியவில்லை. அண்ணன் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாரா, வேறு யாராவது சொன்னதா என்று கேட்டதற்கு, “மண்டியில எல்லாரும் பேசிக்கிட்டாங்க” என்றார்.

முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அவர் தப்பான ஆள் இல்லை. “நெறைய பேர் கேக்கறாங்க தம்பி. அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்றார். அண்ணிக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். மாசி மாதத்துப் பக்கங்கள் முழுதையும் படித்துப் பார்த்தேன். மண்டப வாடகை இருக்கிறது, பத்திரிகை எண்ணிக்கை இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அண்ணனோடு பேசிய நேரம் இருக்கிறது. அவர் பேசியது பெரும்பாலும் இல்லை.

அண்ணன் கடன் கேட்டாரா, கேட்டுவிட்டு எனக்காக விட்டுவிட்டாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.